முழுக்க இறங்கிய லெட் ஆசிட் பேட்டரி: எந்த வகைக்கு என்ன செய்வது?

பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் அன்றைக்கே சார்ஜ் போடுங்கள். இறங்கும்போது பிளேட்டில் ஈய சல்ஃபேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டிப்பட்டு, பிறகு என்ன செய்தாலும் முழுதாகக் கரையாது.

படி 1: லோடு, சார்ஜர் இரண்டையும் கழற்றி, சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 12 வோல்ட் பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.1 என்றால் ஏறக்குறைய பாதி. 11.8-க்குக் கீழே போனால் அடிவரை இறங்கிவிட்டது.

படி 2: எந்த வகை என்று பாருங்கள்.

கார் பேட்டரியில் மெல்லிய பிளேட்டுகள் நிறைய இருக்கும். ஸ்டார்ட்டருக்குச் சில நொடி பெரிய கரண்ட் தரத்தான் அந்த அமைப்பு. அதை இன்வெர்ட்டரில் மாட்டித் தினமும் காலி செய்தால் பிளேட்டிலுள்ள பேஸ்ட் உதிர்ந்து அடியில் படியும். தயவுசெய்து மாட்டாதீர்கள்.

இன்வெர்ட்டருக்கு வரும் டியூபுலர் பேட்டரியில் பாசிட்டிவ் பேஸ்ட் குழாய் உறைக்குள் இருப்பதால் அவ்வளவு எளிதில் உதிராது. சார்ஜில் 80% தீர்ந்தாலும் தாங்கும். பாதியோடு நிறுத்தினால் ஆயுள் கூடும்.

யூபிஎஸ்ஸில் வரும் சீல்டு ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடியிழைத் தாள் உறிஞ்சி வைத்திருக்கும்) வகையில்தான் கூடுதல் கவனம் வேண்டும். உள்ளே ஆசிட் குறைவு. முழுக்க இறங்கினால் கிட்டத்தட்ட தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீரில் ஈய சல்ஃபேட் கரைகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது, பிளேட்டுகளுக்கு நடுவேயுள்ள கண்ணாடியிழைத் தாளுக்குள் மெல்லிய ஈய இழைகள் வளர்ந்து ஷார்ட் ஆகலாம். ஆசிட் கூழாக இருக்கும் ஜெல் வகை இதை இன்னும் கொஞ்சம் தாங்கும்.

படி 3: மூடி திறக்கும் பேட்டரியில் பிளேட் வெளியே தெரிந்தால், அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் விடுங்கள். சார்ஜ் ஏற ஏற மட்டம் உயரும். முன்னாலேயே நிரப்பினால் ஆசிட் வழியும். மீதியைச் சார்ஜ் முடிந்தபின் ஊற்றலாம். ஆசிட் ஊற்றவே கூடாது: அது ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) ரீடிங்கை உயர்த்தும், சல்ஃபேட்டைக் கரைக்காது.

படி 4: காற்றோட்டமான இடத்தில் மெதுவாக ஏற்றுங்கள். பேட்டரியின் கொள்ளளவான ஆம்பியர்-ஹவரில் (ஏஹெச்) 5% அளவு கரண்ட் போதும். 150 ஏஹெச் என்றால் 7.5 ஆம்பியர். தொட்டால் சுடுகிறது என்றால் நிறுத்தி ஆறவிடுங்கள். ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

படி 5: சார்ஜ் முடிந்து சில மணி நேரம் கழித்து மறுபடி அளக்கவும். 10.5 வோல்ட் பக்கத்திலேயே நின்றால், ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். ஹைட்ரோமீட்டரில் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாகக் காட்டி, இன்னொரு முறை முழுக்க ஏற்றியும் மாறாவிட்டால், அந்த பேட்டரியை மாற்றிவிடுங்கள்.