லான் காய்ந்தால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் குடியிருந்தபோது வீட்டு வேப்பமரத்தடியில் புல் திட்டுத் திட்டாகச் செத்துக்கொண்டே வந்தது. பூச்சிதான் என்று முடிவு கட்டி இரண்டு முறை மருந்து அடித்தேன். காரணம் வெறும் நிழல். அருகம்புல் நாளெல்லாம் வெயில் கேட்கும். மரத்தடியில் எருமைப்புல் வைத்திருந்தால் பிழைத்திருக்கும்.

மருந்து வாங்குமுன் பழுப்புத் திட்டின் ஓரத்தில் புல்லைக் கைநிறையப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாய் மாதிரி உரிந்து வந்தால் வேரை ஏதோ தின்றிருக்கிறது. கீழே கிளறினால் வளைந்து சுருண்ட வெள்ளைப் புழு கிடைக்கும். கடலூர்ப் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லைகளில் வேரைத் தின்கிறதே, அந்த வகையறாதான். மைனா ஒரே இடத்தைக் கொத்திக்கொண்டிருந்தாலும் சந்தேகப்படலாம். சதுர அடிக்கு ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடுங்கள். பத்தை நெருங்கினால்தான் கவலை. இழுத்தும் வரவில்லையா? தண்ணீர், யூரியா, நாய் மூத்திரம் என்று வேறு பக்கம் தேடுங்கள். மழைக்குப் பிறகு தெரியும் சின்னச் சின்ன மண் உருண்டைகள் மண்புழுவின் வேலை. அதற்குமா மருந்து!

இந்தப் புழுவை நாமேதான் பெரும்பாலும் வீட்டுக்கு அழைத்து வருகிறோம், மக்காத சாணத்தைக் கொட்டி. இந்தப் புழுவின் தாய் வண்டு முட்டையிட அதைவிட வசதியான இடம் கிடையாது, கரையானும் கூடவே வரும். தொட்டால் சூடில்லாமல், நாற்றமில்லாமல், பொலபொலவென்று இருக்கிற எருவைத்தான் போட வேண்டும். கோடை மழை பெய்த இரவுகளில் வண்டுகள் வேப்பமரத்தில் மொய்க்கும். கிளையை உலுக்கி, விழுவதை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டாலே பாதி வேலை முடிந்தது. மண்ணில் இருப்பதற்கு மெட்டாரைசியம் என்ற பூஞ்சையை மக்கிய எருவில் கலந்து, ஈர மண்ணில், மாலையில் தூவலாம். ஒரு வாரத்தில் பலன் தெரியாது, பொறுக்க வேண்டும்.

ரசாயனம்தான் என்றால் சில தவறுகள் உயிருக்கே ஆபத்து. எங்கோ பழைய இருப்பில் கிடக்கும் ஃபோரேட் என்ற பூச்சிமருந்துக் குருணையைத் தூவிவிடாதீர்கள். 2020 டிசம்பர் 31 முதல் அது இந்தியாவில் தடை. டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள்: சிவப்பு கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று குறைந்துகொண்டே வரும். சிவப்புக்கு வீட்டு வாசலில் வேலையே இல்லை. மிச்ச மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது நம்மூரில் சர்வசாதாரணம், குழந்தை எடுத்துக் குடித்துவிடும். இங்கே வெயில் ஏறியதும் கடற்காற்று எழும்பிவிடும். மதியத்துக்கு மேல் தெளித்தால் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியில்தான் போய் விழும். கையுறை, முகக்கவசத்தோடு காலையிலேயே முடித்துவிட வேண்டும். மழை வரும்போல இருந்தால் வேண்டாம், கிணற்றுக்குப் போய்ச் சேரும். தெளித்த இடத்தில் அன்று பிள்ளைகளையும் நாயையும் விடக்கூடாது.

அப்புறம் திட்டை மூடுவது. ஒரு வண்டி செம்மண் இறக்கிவிட்டால் தீர்ந்தது என்பார்கள். அதில் கோரைக்கிழங்கு ஒளிந்து வந்தால் ஆயுசுக்கும் தீராது. மேலே பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி முளைக்கும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். கடற்கரை மணலைக் கொண்டுவந்து போடவே கூடாது, உப்பு. போர் தண்ணீரே உப்பாக இருக்கிற வீடுகளில் தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சுவது நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் நடவேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் எத்தனை தெருக்கள் ஏரியாகின என்று நமக்குத் தெரியும். புதிதாக நட்ட புல் அதில் எங்கே நிற்கும்? தை பிறக்கட்டும். திட்டைக் கொத்திவிட்டு, பக்கத்துப் பச்சையிலிருந்தே அருகம்புல் கொடிகளைக் கணுவோடு வெட்டி நான்கு விரல் இடைவெளியில் நடுங்கள். வேர் பிடிக்கும்வரை அந்த இடத்தில் மட்டும் தினமும் ஈரம் காயாமல் தெளியுங்கள். முதல் வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள்.