இரண்டு வேலை செய்யும் கருவி லாபமா? ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் பையின் இடக் கணக்கு

திருப்பூர்ல ஷிஃப்ட் முடிஞ்சு வந்து போன்ல ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்ங்கற ஆன்லைன் கேமை அரை மணி நேரம் ஆடுறவங்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்குதான். ஒரே கருவி பல வேலை செஞ்சா நல்லதுதானேன்னு தோணும். எடுக்கறதுக்கு முன்னாடி, அது பையில எத்தனை கட்டம் (பொருள் வைக்கிற இடம்) மிச்சம் பண்ணுது, பதிலுக்கு எதைத் தின்னுதுன்னு பாருங்க.

படி 1: கோடாரியைக் கைக்கு மாத்துங்க

பையில மொத்தம் 28 கட்டம். கோடாரி உள்ள கிடந்தா 27 கட்டைதான் சேரும், கையில பிடிச்சா 28. பொள்ளாச்சியில தென்னை ஏறுறவர் அருவாளை இடுப்புல சொருகிக்கிற மாதிரிதான்.

புதுசா வர்றவங்க மாட்டிக்கிறது இங்கதான். ரூன் கோடாரியால (ரூன், அடமன்ட், மித்ரில் எல்லாம் உலோக வகை) வெட்ட உட்கட்டிங், அதாவது மரம் வெட்டுற திறமை, லெவல் 41 போதும். கையில பிடிக்க அட்டாக்ங்கற சண்டைத் திறமை 40 வேணும். அடமன்ட்டுக்கு 31, 30. மித்ரிலுக்கு 21, 20. சண்டையே போடாம மரம் மட்டும் வெட்டிட்டு இருந்தா கோடாரி பையை விட்டு இறங்காது. அட்டாக்கையும் கூடவே ஏத்துங்க. பாறை உடைச்சுத் தாது எடுக்கற பிக்காக்ஸுக்கும் இதே எண்கள்தான்.

படி 2: மிச்சமான கட்டம் உதவுதான்னு வகுத்துப் பாருங்க

இம்கேண்டோ சுத்தியலைக் கையிலயே பிடிக்கலாம், ஒரு கட்டம் மிச்சம். ஆனா ஒரு பிளேட்பாடி (மார்புக் கவசம்) அடிக்க 5 பார் (உலோகப் பாளம்) வேணும். சாதா சுத்தியல் பையில இருந்தாலும் 27 பாருக்கு 5 பிளேட்பாடி. இம்கேண்டோ இருந்து 28 பார் எடுத்தாலும் அதே 5 தான், 3 பார் சும்மா கிடக்கும். ஒரு பார் இல்ல ரெண்டு பார்ல ஒரு பொருள் அடிக்கறப்போதான் அந்தச் சுத்தியல் ஒரு சுத்துக்கு ஒண்ணு கூடுதலாத் தரும். பிளேட்பாடிக்காக அதைத் தேடி அலையாதீங்க.

படி 3: இன்ஃபர்னல் கோடாரி

உண்மையிலேயே ரெண்டு வேலை செய்யறது இதுதான். வெட்டுற கட்டையில சராசரியா மூணுல ஒண்ணை அங்கயே எரிச்சு, ஃபயர்மேக்கிங் (தீ மூட்டுற திறமை) எக்ஸ்பியில, அதாவது அனுபவப் புள்ளியில, பாதி தருது. டிராகன் கோடாரியோட ஸ்மோல்டரிங் ஸ்டோனைச் சேர்த்துச் செய்யணும். உட்கட்டிங் 61, ஃபயர்மேக்கிங் 85 வேணும். கல்லு செர்பரஸ்ங்கற அரக்கன்கிட்ட விழும், அதை அடிக்க ஸ்லேயர் (அரக்கரை வேட்டையாடுற திறமை) 91. ஆகையால இது இன்னிக்குத் தேட வேண்டிய பொருள் இல்லைங்க. கணக்கை மட்டும் இப்பவே தெரிஞ்சு வெச்சுக்குங்க.

யூ மரத்தை எடுத்துக்கலாம். பை நிறைய சராசரியா 42 கட்டை வெட்டணும். 14 எரிஞ்சு போகும், 28 தங்கும். எரிஞ்ச ஒவ்வொண்ணுக்கும் 101.25 எக்ஸ்பி, மொத்தம் சுமார் 1,417. வெட்டினதுக்கான 175 எக்ஸ்பி எரிஞ்ச கட்டைக்கும் குறையாது. லெவல் ஏத்தறதுதான் குறின்னா கட்டையை வெக்க பேங்குக்கு (பொருளைச் சேமிக்கிற இடம்) நடக்கறது குறையும், தீயும் சேர்ந்து ஏறும், அருமையான கருவி. கட்டையை வித்துக் காசாக்கணும்னா நேர் எதிர்: 42 வெட்டின நேரத்துக்கு 28 தான் கைக்கு வரும். அந்த நாள்ல இதை பேங்க்லயே வெச்சிட்டு டிராகன் கோடாரியோட போங்க.

ஒரு கட்டை எரிஞ்சா ஒரு சார்ஜ் போகும், மொத்தம் 5,000. தீர்ந்துட்டா உடைஞ்சுடாது, சாதா டிராகன் கோடாரி மாதிரி வெட்டும். திரும்ப ஏத்த இன்னொரு டிராகன் கோடாரியோ கல்லோ வேணும். அந்தச் செலவையும் சேர்த்துதான் லாபம் பாக்கணும்.

படி 4: தோட்ட வேலைக்குக் கருவியே சுமக்காதீங்க

வெள்ளாமைக்கு மம்முட்டி, வாரி எல்லாம் தூக்கிட்டு அலையறவங்க நிறைய. ஒவ்வொரு பாத்திப் பக்கத்துலயும் டூல் லெப்ரகான்னு கருவி காக்குற ஒரு குள்ளன் நிக்கறான். ரேக் (வாரி), சீட் டிபர் (விதை ஊன்ற குச்சி), ஸ்பேட் (மம்முட்டி), செகட்டூர்ஸ் (செடி வெட்டுற கத்தரி) எல்லாத்தையும் ஒரு தடவை அவன்கிட்டக் குடுத்துடுங்க. எந்த ஊர்ப் பாத்தியில கேட்டாலும் எடுத்துத் தருவான். அறுத்த பச்சிலையை அவன் மேல யூஸ் பண்ணுங்க, நோட்டுச் சீட்டா மாத்திடுவான், ஒரே வகை இலை அத்தனையும் ஒரே கட்டத்துல அடங்கும். பையில விதை, உரம், டெலிபோர்ட் ரூன் போதும். கிளம்பறப்போ ஸ்பேடையும் டிபரையும் மறக்காம அவன்கிட்டயே திருப்பிப் போட்டுட்டுப் போங்க.