டிராம்போன் ஸ்லைடு பிடிக்கிறதா? கிரீமைக் கீழே வையுங்கள்

டிராம்போனில் சுரம் மாற்ற இழுத்துத் தள்ளும் குழாய்தான் ஸ்லைடு; நிலையான உள்குழாய்மேல் வெளிக்குழாய் ஓடும். அது சரியாக ஓடாமல் பிடிக்கிறது என்றதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான், மேலே இன்னும் கொஞ்சம் கிரீமை அப்புவது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் அப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வெளிக்குழாய்க்குள் துணியை விட்டு இழுத்தால், பச்சையும் கறுப்புமாக மை மாதிரி வருகிறது. அழுக்குக்கு மேல் கிரீம், அதற்கு மேல் அழுக்கு, அப்புறம் எப்படி ஓடும்?

முதலில் சுத்தம். உட்கார்ந்துகொண்டு, ஸ்லைடு நழுவாமல் பிடித்திருக்கும் லாக்கைத் திறந்து வெளிக்குழாயைக் கழற்றி, உருளாத இடமாகப் பார்த்து வையுங்கள். ஸ்லைடில் பக்கம் பக்கமாக இருக்கும் இரண்டு நேர்க்குழாய்களைத்தான் கால் என்கிறேன். கழற்றும்போதே எந்தக் கால் எந்தக் காலுக்குள் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஜோடி மாறக் கூடாது. உள்குழாயை நூல் உதிராத துணியால், துணி கறுக்காமல் வரும்வரை துடைத்தால் போதும்.

வெளிக்குழாயில்தான் வேலை அதிகம். சுத்தம் செய்யும் கம்பியின் காதில் மெல்லிய நீளத் துணியைக் கோத்து, நுனியை மூடி, கம்பி முழுக்கச் சுற்றிக்கொண்டே வாருங்கள். உலோகம் ஒரு இடத்தில்கூட வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் குழாயின் உட்சுவரில் கீறல் விழும். துணி தடிமனாக இருந்தால் உள்ளே மாட்டிக்கொள்ளும், அதனால் இறுக்கமாகத் திணிக்க வேண்டாம். எந்தக் காலுக்குள் கம்பி போகிறதோ அந்தக் காலையே கையில் பிடியுங்கள். மற்றக் காலைப் பிடித்துக்கொண்டு தள்ளினால் இரண்டும் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் எந்தக் கிரீமும் காப்பாற்றாது.

கம்பி அடி வளைவுக்குள் போகாது. அதற்கு வளையும் பிரஷ், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி, வெதுவெதுப்பான தண்ணீர். கொதிக்கிற தண்ணீர் பட்டால் மேலே இருக்கும் லாக்கர் பூச்சு உரிந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை துணி, மாதத்துக்கு ஒருமுறை இந்தக் குளியல் என்பது என் கணக்கு.

சரி, இப்போது கிரீம். உள்குழாயின் நுனியில் கொஞ்ச நீளம் மட்டும் சற்றே பருத்திருக்கும், அதை ஸ்டாக்கிங் என்பார்கள். பெரும்பாலும் உரசுவது அந்த இடம்தான் என்பதால் கிரீமும் அங்கேதான், காலுக்கு அரைப் பட்டாணி அளவு. விரலால் மெல்லிசாகத் தேய்த்து, வெளிக்குழாயைப் போட்டு ஏழாவது பொசிஷன்வரை, அதாவது வாசிக்கும்போது ஸ்லைடு அதிகமாக நீளும் இடம்வரை, நாலைந்து தடவை இழுத்துத் தள்ளி, திரும்பக் கழற்றி, மேலே ஒதுங்கிய மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அடுத்து தண்ணீர் ஸ்பிரே. குழாயில் குட்டிக் குட்டி முத்தாகத் தண்ணீர் நின்றால் கிரீம் சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வாசிக்கும் நடுவில் காய்ந்து கனத்தால் தண்ணீர் மட்டும் அடியுங்கள், கிரீமைத் தொடாதீர்கள்.

முகத்துக்குப் போடும் கோல்டு கிரீமைப் போட்டே ஒரு காலத்தில் பலர் ஓட்டினார்கள். இப்போது ஆயில், கிரீம், கலந்தே வரும் திரவம் என்று விதவிதமாகக் கிடைக்கிறது, எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் ஒன்றின் மேல் இன்னொன்றைப் போடாதீர்கள். மாற்றுவதென்றால் பழையதை ஒட்டத் துடைத்துவிட்டு மாற்றுங்கள். சுருதி சேர்க்க மட்டும் நகர்த்தும் டியூனிங் ஸ்லைடுக்குக் கெட்டியான கிரீஸ் தனி, அதைக் கொண்டுவந்து இங்கே பூசிவிட்டால் இழுக்கவே முடியாது.

இதெல்லாம் செய்தும் பிடிக்கிறதா? ஸ்லைடைச் செங்குத்தாகப் பிடித்து, கீழே கையை வைத்துக்கொண்டு லாக்கைத் திறந்துவிடுங்கள். வெளிக்குழாய் தன் எடையிலேயே சரசரவென்று இறங்க வேண்டும். நடுவில் நின்றால் ஒவ்வொரு உள்காலையும் அதன் வெளிக்காலுக்குள் தனியாக விட்டுப் பாருங்கள். தனித்தனியாக நன்றாக ஓடி, சேர்த்தால் மட்டும் பிடித்தால் கால்கள் இணையாக இல்லை. ஒரு கால் தனியாகவே பிடித்தால் அதில் ஒடுக்கு விழுந்திருக்கும், அல்லது அது வளைந்திருக்கும். இரண்டுமே ரிப்பேர்காரர் வேலை, வீட்டில் தட்டி நிமிர்த்தப் போகாதீர்கள்.

இனிப்பு சாப்பிட்ட வாயோடு ஊதாதீர்கள், சர்க்கரை நேராக ஸ்லைடுக்குள் போகும். வாயைக் கொப்பளிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

அப்புறம், வாத்தியத்தைத் தூக்கும் முன் லாக் விழுந்திருக்கிறதா என்று விரலால் ஒரு திருகு திருகிப் பாருங்கள். என் ஸ்லைடின் அடி வளைவில் இருக்கும் ஒடுக்கு, அதைப் பார்க்காமல் தூக்கியதில் விழுந்ததுதான்.