எலுமிச்சைத் தோல் உப்பு: ஒரு ஜூஸ் கடைக்காரன் கைப்பக்குவம்

தூத்துக்குடியில் சின்னதாக ஒரு ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். சித்திரை, வைகாசியில் ஒரு நாளைக்கு 200 எலுமிச்சைக்குக் குறையாமல் பிழிவேன். பிழிந்த மூடியெல்லாம் காலடியில் இருக்கும் பக்கெட்டில் விழும். ராத்திரி அந்தப் பக்கெட்டைக் கொட்டிவிட்டு வந்து சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையில் எலுமிச்சை வாசம் நிற்கும். சாறு பட்ட கை இப்படி மணக்காது, பிசுபிசுக்கும், அவ்வளவுதான். புளிப்பு சாற்றில், வாசம் தோலில். தோலை உற்றுப் பார்த்தால் ஊசியால் குத்தியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண்ணெய்ப் பை. சின்ன வயதில் எலுமிச்சைத் தோலை மடக்கி விளக்குச் சுடரில் பீய்ச்சிப் பொறி பறக்கவிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

அந்த எண்ணெயை உப்பில் ஏற்றி வைப்பதுதான் இந்த வேலை. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், இந்த உப்பு புளிக்காது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று வெள்ளையாகக் கொடுப்பார்களே, அது சிட்ரிக் அமிலம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கால் கிலோ கல் உப்புக்கு 12 எலுமிச்சை, பாதி பச்சை, பாதி மஞ்சள். பச்சைத் தோலில் வாசம் தூக்கலாக இருக்கும், மஞ்சளில் கொஞ்சம் சாது. எனக்குப் பழம் புளியங்குடியிலிருந்து வருகிறது, உங்களுக்கு எது கிடைக்கிறதோ அது போதும். தோல் சுருங்காமல் பளபளவென்று இருக்க வேண்டும். அப்புறம் நார்த்தை இலை 15, உருவிய கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, மிளகு ஒரு டீஸ்பூன், ஓமம் அரை டீஸ்பூன். நார்த்தை இலை கிடைக்காவிட்டால் எலுமிச்சை இலை.

நார்த்தை இலையும் ஓமமும் என் யோசனை அல்ல. எங்கள் தெருவில் கும்பகோணத்து மாமி ஒருத்தர் இருந்தார். வேப்பிலைக்கட்டி இடித்தால் எங்கள் வீட்டுக்கும் ஒரு உருண்டை வரும். பேரில்தான் வேப்பிலை. உள்ளே இருப்பது நார்த்தை இலை, எலுமிச்சை இலை, மிளகாய், புளி, ஓமம், பெருங்காயம், உப்பு. இலையை இரண்டாக மடித்து, நடு நரம்பை ஒரே இழுப்பில் கிழித்து எடுப்பார். அந்த நரம்பு எவ்வளவு இடித்தாலும் நாராகத்தான் நிற்கும், பல்லில் சிக்கும். நீங்களும் அதை எடுத்துவிடுங்கள்.

முதலில் இலைகளைக் காய வைக்க வேண்டும். கழுவி, துண்டில் ஒற்றி, முறத்தில் வேட்டித் துணி விரித்துப் பரப்பி, வீட்டுக்குள்ளேயே ஃபேனுக்குக் கீழே வையுங்கள். மொட்டை மாடி வெயில் வேண்டாம். நிறமும் போகும், வாசமும் போகும். எங்கள் ஊர்க் கோடையில் இரண்டு நாள் போதும். இலையைக் கையில் எடுத்து நொறுக்கினால் அப்பளம் போலச் சத்தம் வர வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஒரு நாள். ஓமவல்லி இலையையும் போட்டுப் பார்ப்போமே என்று ஒரு தடவை ஆசைப்பட்டேன். அது சதைப்பற்றான இலை, நாலு நாளாகியும் காயாமல் கறுத்துப் போய் முறத்தோடு ஒட்டிக்கொண்டது. வாசம் பிரமாதம்தான், ஆனால் பஜ்ஜிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உப்பு. கல் உப்பு வெறும் உப்பு மட்டும் அல்ல, அதில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் காற்றில் இருக்கும் ஈரத்தை எல்லாம் இழுத்து, மழைக்காலத்தில் உப்பு ஜாடியைக் கசிய வைக்கிறது. இரும்புச் சட்டியில் மிதமான தீயில் உப்பை வறுங்கள். உள்ளே மாட்டியிருக்கும் தண்ணீர் படபடவென்று வெடித்து வெளியேறும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், கண்ணில் தெறிக்கும். சத்தம் அடங்கியதும் இறக்கி, நன்றாக ஆற விடுங்கள். இப்படி வறுத்தால் அயோடின் கொஞ்சம் போய்விடும். அதனால் வீட்டுச் சமையல் உப்பையே இதற்கு மாற்றிவிட வேண்டாம். இது மேலே தூவ மட்டும். உப்பின் சூட்டிலேயே மிளகையும் ஓமத்தையும் ஒரு நிமிடம் பிரட்டி எடுத்துக்கொள்ளலாம்.

இனித் தோல். இங்கேதான் நான் முதல் தடவை கோட்டை விட்டேன். பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, இஞ்சித் துருவியில் துருவ வேண்டும். பழத்தைப் பிழிவதற்கு முன்னால் துருவுங்கள், பிழிந்த மூடியைத் துருவினால் விரல்தான் தேயும். ஒரு இடத்தில் ஒரு இழுப்பு, உடனே பழத்தைத் திருப்பி அடுத்த இடம். பச்சையோ மஞ்சளோ அந்த நிறம் இருக்கும் வரைதான் வேண்டும், கீழே வெள்ளை தெரிந்துவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். கடைப் பரபரப்பில் நான் நாலு இழுப்பு இழுத்துவிட்டேன், வெள்ளைச் சதையும் சேர்ந்து வந்துவிட்டது. ராத்திரி தயிர் சாதத்தில் அந்த உப்பைத் தூவிச் சாப்பிட்ட வீட்டுக்காரி ஒரு வாய் முழுங்கிவிட்டு, "இது என்ன, நிலவேம்புக் கஷாயப் பொடியா?" என்று கேட்டாள். கால் கிலோ உப்பும் வீண்.

துருவலை அப்படியே காய வைக்கக் கூடாது. துருவி முடித்த கையோடு ஆறிய உப்பில் மூன்று கைப்பிடி எடுத்து, அதோடு போட்டு விரல் நுனியால் தேயுங்கள். பிசைய வேண்டாம், கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே உருட்டித் தேய்த்தால் போதும். உப்பின் முனை தோலைக் கீறி எண்ணெயை வெளியே விடும். ஐந்து நிமிடத்தில் உப்பு இளம்பச்சையாகி, கடற்கரை ஈர மணல் போல ஆகும். வாசம் வாசல் வரை வரும். இதைப் பெரிய தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஒரு ராத்திரி ஃபேனுக்கடியில் விடுங்கள். எவர்சில்வர் தட்டு வேண்டாம், ஈர உப்பு பட்டுப் பட்டு அதிலும் துருப் புள்ளி விழும். பீங்கான் தட்டு நல்லது. காலையில் பாளம் பாளமாக இறுகி இருக்கும். பயப்படாதீர்கள், கையால் உதிர்த்துவிட்டு இன்னொரு நாள் காய விட்டால் சரி.

அரைப்பது அரை நிமிட வேலை. ஆனால் மிக்ஸி ஜாருக்குள் துணி விட்டுத் துடைத்துவிட்டு, மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்றிப் பாருங்கள். அதற்கடியில் நாலு சொட்டுத் தண்ணீர் எப்போதும் ஒளிந்திருக்கும். காய்ந்த இலைகள், மிளகு, ஓமம், கூட ஒரு கைப்பிடி வறுத்த உப்பு. உப்பு சேர்த்தால்தான் இலை ஜாரின் ஓரத்தில் ஒதுங்காமல் தூளாகும். விட்டு விட்டு நாலைந்து சுற்று. ஒரேயடியாக ஓட விட்டால் ஜார் சூடாகி வாசம் மூடி வழியாகவே போய்விடும். இந்தத் தூளையும், தோல் உப்பையும், மிச்சக் கல் உப்பில் பாதியையும் சேர்த்து இரண்டு சுற்று. கடைசிப் பாதியை அரைக்காமல் அப்படியே கலந்துவிடுங்கள். கொய்யாவில் தொட்டுக் கடிக்கும்போது ஒரு கல் பல்லில் நொறுங்குவதில் தனி ருசி. அம்மி இருந்தால் இன்னும் நல்லது, என்னிடம் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் செய்யாதீர்கள் என்பேன். அந்தச் சமயத்தில் எங்கள் ஊர் உப்பளத்திலேயே வேலை நின்றுவிடும், நாம் மட்டும் ஃபேனை நம்பி என்ன செய்ய? அவசரம் என்றால் தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, கல் ஆற ஆற அதன் மேல் இலைகளைப் போட்டுப் பிரட்டலாம். வேலை நடக்கும், வாசம் முக்கால்தான்.

கண்ணாடி பாட்டிலிலோ பீங்கான் ஜாடியிலோ, சின்னத் துணியில் முடிந்த அரிசிப் பொட்டலத்தோடு போட்டு மூடுங்கள். உப்பு கெடாது, ஆனால் எலுமிச்சை வாசம் இரண்டு மூன்று மாதத்தில் இறங்கிவிடும். அதனால் கால் கிலோவுக்கு மேல் நான் செய்வதில்லை.

வெள்ளரிக்காய், மோர், அவித்த முட்டை எதற்கும் பொருந்தும். சீலா மீன் வறுவலுக்கு மசாலாவில் சேர்க்காதீர்கள், தோல் கருகிக் கசக்கும். சட்டியிலிருந்து எடுத்ததும் சூட்டோடு மேலே தூவுங்கள். கடையில் உப்பு போட்ட எலுமிச்சை சோடாவுக்கு ஒரு சிட்டிகை போடுகிறேன். ஒரே தொல்லை, துருவிய பழத்தை அடுக்கி வைத்தால் பார்ப்பவர்கள், "அண்ணாச்சி, பழம் என்ன சொறி பிடிச்ச மாதிரி இருக்கு?" என்று கேட்கிறார்கள். அதனால் அவற்றை மேசைக்கு அடியில் தனிக் கூடையில் போட்டு, அன்றைக்கே முதலில் பிழிந்து தீர்த்துவிடுவேன். ஒரு ராத்திரி விட்டால் தோல் இல்லாத பழம் இறுகி, கோலிக்குண்டு மாதிரி ஆகிவிடும், பிழிகட்டையே உடையும்.

தை மாதம் பனங்கிழங்கு வரும். அவித்து, தோலையும் நாரையும் உரித்து, சூடாக இருக்கும்போதே இந்த உப்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுப் பாருங்கள். தொட்டுக்கொள்வதைத் தனித் தட்டில் கொட்டிக்கொள்ளுங்கள், கிழங்கு உரித்த ஈரக் கையை ஜாடிக்குள் விட்டுவிடாதீர்கள்.