வருஷ நடுவில் கம்பெனி மாறியவர்கள் வருமான வரி ரிட்டர்ன் போடும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஜூலை வந்தால் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள், ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிக்கு வரும்போது என்னைத் தேடி வருவார்கள். கையில் போன் மட்டும்தான் இருக்கும். "அண்ணா, ஃபார்ம் 16 வாட்ஸ்அப்பில் அனுப்பிட்டேன், பத்து நிமிஷத்துல போட்டுடலாமா?" என்பார்கள். ஃபார்ம் 16 என்றால் வருஷச் சம்பளமும் பிடித்த வரியும் போட்டு கம்பெனி தரும் சான்று. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் போய் நின்றேன், அதனால் கோபம் வருவதில்லை, கவலைதான் வருகிறது. பான் எண் தப்பு, கடைசித் தேதி தவறியது மாதிரி விஷயங்களை இங்கே எழுதவில்லை. யாரும் சொல்லித் தராத சிலதை மட்டும் சொல்கிறேன்.

பழைய கம்பெனியின் சம்பளத்தை விட்டுவிடுவது

எத்தனை பேரிடம் சொன்னாலும் வருஷா வருஷம் திரும்பி வரும் தவறு இது. செப்டம்பர் வரை ஒரு கம்பெனி, அக்டோபரிலிருந்து வேறொன்று. ரிட்டர்ன் போடும்போது புதுக் கம்பெனி கொடுத்த ஃபார்ம் 16 மட்டும் கையில் இருக்கும். "பழைய இடத்தில் டிடிஎஸ்ஸே பிடிக்கலையே அண்ணா, அதை எதுக்குக் காட்டணும்?" என்று கேட்பார்கள். டிடிஎஸ் என்றால் சம்பளம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி.

பிடிக்காமல் விட்டதில்தான் சிக்கலே. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-26இல் முதல் ஆறு மாதம் மாதம் 1 லட்சம், ஆக 6 லட்சம். அடுத்த ஆறு மாதம் மாதம் 1.25 லட்சம், ஆக 7.5 லட்சம். புதிய வரி முறையில் 75,000 நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) போக 12 லட்சம் வரை வரி இல்லை. பழைய கம்பெனி வருஷத்துக்கு 12 லட்சம் என்று கணக்கிட்டு வரி பிடிக்காது. புதுக் கம்பெனிக்குத் தெரிந்தது 7.5 லட்சம் மட்டும், அதுவும் பிடிக்காது. ஆனால் உங்கள் மொத்தச் சம்பளம் 13.5 லட்சம். 75,000 கழித்தால் 12.75 லட்சம், 12 லட்சம் என்ற தள்ளுபடி வரம்பைத் தாண்டிவிட்டது, அதனால் தள்ளுபடி கிடைக்காது. வரி, செஸ் சேர்த்து 74,100 ரூபாய். அட்வான்ஸ் டாக்ஸ் (வருஷம் முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வரி) கட்டாததால் வட்டி வேறு. ஜூலையில் கட்டினால்கூட வட்டி மட்டும் ஆறாயிரத்தைத் தாண்டும்.

நான் மாட்டியது பழைய வரி முறை மட்டுமே இருந்த காலத்தில். இரண்டு கம்பெனியும் தனித்தனியாக இரண்டரை லட்சம் விலக்கு கொடுத்திருந்தன, வரிக் கழிவுக்கான 80சி முதலீட்டையும் இரண்டு இடத்திலும் காட்டியிருந்தேன். பழைய கம்பெனியில் ஃபார்ம் 16 கேட்டு இரண்டு முறை மெயில் போட்டேன், பதில் இல்லை, சரி போகட்டும் என்று இருப்பதை வைத்துப் போட்டுவிட்டேன். ஒரு வருஷம் கழித்து நோட்டீஸ் வந்தது. இரண்டு சம்பளமும் வரித் துறையின் 26ஏஎஸ் பதிவில் அப்படியே இருந்திருக்கிறது, நான்தான் திறந்து பார்க்கவில்லை. அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு என்று வைத்திருந்த பணத்திலிருந்து 38,000 ரூபாய் எடுத்துக் கட்டினேன். அதை இன்றும் மறக்க முடியவில்லை.

அதனால் புது இடத்தில் சேரும் வாரமே பழைய சம்பளம், டிடிஎஸ் விவரத்தை எச்ஆரிடம் கொடுங்கள். 12பி ஃபார்ம் என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியும். "மாசச் சம்பளத்தில் பிடிப்பாங்களே" என்று பலர் கொடுப்பதில்லை. மாதம் 12,000 சொச்சம் பிடிப்பது நல்லதா, ஜூலையில் 74,000 மொத்தமாகக் கட்டுவது நல்லதா, நீங்களே யோசியுங்கள். வருஷம் முடிந்துவிட்டதா? பழைய கம்பெனியின் எல்லாப் பேஸ்லிப்பும், வேலையை விடும்போது தந்த ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்குத் தாளும் தேடி எடுங்கள். அந்தத் தாளில் லீவ் என்கேஷ்மென்ட் (எடுக்காத லீவுக்குத் தந்த பணம்) இருக்கும், அதற்கு விலக்கு உண்டு, கேட்காவிட்டால் கிடைக்காது. வரி பிடிக்காத கம்பெனி பல நேரம் ஃபார்ம் 16 தராது. தரவில்லை என்பதற்காக அது வருமானம் இல்லை என்று ஆகிவிடாது.

பிஎஃப் எடுத்தது

வேலை மாறிய கையோடு பிஎஃப்பை எடுத்துவிடுகிறார்கள். ஐந்து வருஷத் தொடர் சர்வீஸ் இல்லாமல் எடுத்தால் பொதுவாக அதற்கும் வரி உண்டு, 50,000 அல்லது அதற்கு மேல் என்றால் 10 சதவீதம் டிடிஎஸ்ஸும் பிடிப்பார்கள். புதுக் கம்பெனிக்கு மாற்றியிருந்தால் பழைய வருஷங்களும் சர்வீஸில் சேரும். எடுத்தாகிவிட்டது என்றால் எந்தத் தேதியில் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

வங்கி வட்டி

டிடிஎஸ் பிடிக்காத வட்டியும் வருமானம்தான். எஃப்டி முதிர்ந்தால்தான் வட்டி என்று இருக்காதீர்கள், வங்கி அதை வருஷா வருஷம் கணக்கில் காட்டிவிடுகிறது. மைனர் குழந்தை பெயரில் போட்ட டெபாசிட் வட்டியும், அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில்தான் சேரும்.

மாந்தோப்பு

நம் மாவட்டத்துக்கு இது முக்கியம். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, உண்மைதான். ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் போட முடியாது, ஐடிஆர்-2 படிவத்துக்குப் போக வேண்டும். அப்பா தோப்பு உங்கள் பெயருக்கு மாறியிருந்தால் பலருக்கு இது நினைவே வராது. 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் எந்த மாவட்டம், பின்கோடு, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று எல்லாம் கேட்கும், சிட்டாவும் மண்டி பில்லும் எடுத்து வையுங்கள். காய்த்து நிற்கும் மரத்தை மொத்தமாகப் பேசி வாங்கி, காய் பறித்து விற்பவருக்கு வருவது விவசாய வருமானம் இல்லை, வியாபார வருமானம். இதைக் கலந்துவிடாதீர்கள்.

ஏஐஎஸ்

உங்கள் வருமானம் பற்றி வரித் துறைக்கு வந்த தகவல் பட்டியல் இது. முதலில் இதை வருமான வரி போர்ட்டலில் டவுன்லோட் செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பழைய வங்கிக் கணக்கு

சம்பளக் கணக்கை மூடிவிட்டீர்களா? ரீஃபண்டுக்குப் புதுக் கணக்கை போர்ட்டலில் வேலிடேட் செய்யுங்கள்.

ஆதாரில் உள்ள மொபைல் எண்

பையில் இப்போது இருக்கும் நம்பர்தானா என்று பாருங்கள். ஓடிபி அதற்குத்தான் வரும், ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் ஆன்லைனில் உறுதி செய்தாக (இ-வெரிஃபை) வேண்டும்.