வயர் குழுவின் மூன்று ஆல்பங்களை வரிசைப்படுத்துவது எப்படி

ஓர் இசைக்குழுவின் ஆல்பங்களை வரிசைப்படுத்த நினைப்பவர்கள் நினைவை நம்பிப் பட்டியல் போடக் கூடாது. மனத்தில் தங்குவது பிடித்த இரண்டு மூன்று பாடல்கள்தான். ஆல்பம் முழுவதுமாகத் தங்குவதில்லை.

பங்க் ராக்கைத் தொடர்ந்து 1970களின் இறுதியில் எழுந்த ராக் வகையான போஸ்ட்-பங்க் இசைக்குப் புதியவர்கள், 1976இல் லண்டனில் தொடங்கிய வயர் குழுவை வைத்துப் பழகலாம். ‘பிங்க் ஃபிளாக்’ (1977), ‘சேர்ஸ் மிஸ்ஸிங்’ (1978), ‘154’ (1979) ஆகிய மூன்றையும் அதே நால்வர், மைக் தோர்ன் என்ற அதே தயாரிப்பாளருடன் சேர்ந்து உருவாக்கினார்கள். ஆட்கள் மாறாததால், இரண்டே ஆண்டுகளில் அவர்களுடைய இசை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது தெளிவாகக் கேட்கிறது. 1987 முதல் வந்த ஆல்பங்களுக்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாடல்களை எண்ணிப் பாருங்கள். மறுவெளியீடுகளில் கூடுதல் பாடல்கள் சேர்ந்திருக்கும்; முதல் வெளியீட்டில் இருந்தவை முறையே 21, 15, 13 மட்டுமே. இவை மொத்தம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடும். காட்பாடியில் விரைவு ரயில் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்குவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் ஆகும் என்பதால், நான் ஜன்னலோர இருக்கையில் அமர்ந்து, வெளியான வரிசையிலேயே மூன்றையும் இடைவிடாமல் கேட்பேன். வாலாஜா ரோடு தாண்டி அரக்கோணம் வருவதற்குள் முதல் ஆல்பம் முடிந்துவிடும். ஒவ்வொன்றும் முடிந்த உடனேயே, அடுத்ததைத் தொடங்கும் முன், நோட்டில் நான்கு வரிகள் எழுதிவிட வேண்டும்.

எழுதும்போது, ‘பிடித்ததா’ என்று கேட்பதைவிட, ஒரு பாடலிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ‘பிங்க் ஃபிளாக்’ மூன்று நிமிடம் கனத்து நகரும் பாடலுடன் தொடங்குகிறது. அடுத்த பாடல் 28 விநாடிகளில் முடிந்துவிடுகிறது. அந்தத் திடீர் வெட்டுதான் அந்த ஆல்பத்தின் உயிர். கலைத்துப் போட்டுக் கேட்டால் அது காணாமல் போய்விடும்.

‘சேர்ஸ் மிஸ்ஸிங்’கில் ‘அவுட்டோர் மைனர்’ என்ற பாடல், இலைக்குள்ளேயே குடைந்து செல்லும் ஒரு பூச்சியைப் பற்றியது. வேலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் தக்காளி இலை மேல் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. இவ்வளவு இனிய மெட்டை இரண்டு நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளும் அடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதுவரை தாங்கள் நடத்தியிருந்த நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையையே பெயராக வைத்த ‘154’இல், பாடல்கள் நீண்டு, ஒலி அடுக்கடுக்காகத் தடிக்கிறது. பொறுமையாகக் கேட்க வேண்டிய ஆல்பம் இது.

ஊர் திரும்பும்போது பின்னிருந்து முன்னாகக் கேளுங்கள். கடைசியாகக் கேட்பது களைத்த காதில் விழுவதால் அதற்கு அநீதி நேரும். வரிசையைத் திருப்பினால் அது சரியாகிவிடும். பிறகு மூன்றையும் ஒருசேர எடைபோடாமல், இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து முடிவு செய்யுங்கள். முதலிடம் பெறும் ஆல்பத்தின் குறை ஒன்றையும் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று பொருள்.

என் நோட்டில் ‘சேர்ஸ் மிஸ்ஸிங்’ முதலிடத்தில் இருக்கிறது. நடுப்பகுதியில் வேகம் தளர்கிறது என்பது அதன் எதிரே எழுதியிருக்கும் குறை. அடுத்து ‘பிங்க் ஃபிளாக்’, மூன்றாவது ‘154’. கடைசி இரண்டும் திரும்பும் பயணத்தில்தான் இடம் மாறின.