படுக்கையிலேயே உடல் துடைத்துவிடுவது எப்படி?

வார்டில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதலில் கிடைக்கும் வேலைகளில் ஒன்று ஸ்பாஞ்ச் பாத். பார்க்கச் சுலபம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் தன் உடலைத் தொடப்போகிறார் என்ற கூச்சம் நோயாளிக்கு இருக்கும். அதைக் கவனிக்காமல் எவ்வளவு சுத்தமாகத் துடைத்தாலும் பாதி வேலைதான்.

எனவே முதல் படி பேச்சு. உங்கள் பெயரைச் சொல்லி, என்ன செய்யப்போகிறீர்கள் என்று விளக்கி, சம்மதம் கேளுங்கள். "இப்ப வேண்டாம் சிஸ்டர்" என்றால் சரி, எப்போது வரலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடி கை கழுவுங்கள். திரையை மூடி, ஃபேனை நிறுத்தி, கட்டிலை உங்கள் இடுப்பளவுக்கு உயர்த்துங்கள். தண்ணீரின் சூடு போதுமா என்று நோயாளியையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டையைக் கழற்றும்போது டிரிப் இல்லாத கை முதலில். மாட்டும்போது டிரிப் உள்ள கை முதலில்.

கண்ணுக்குச் சோப்பு கூடாது. மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு பகுதியால் துடைக்க வேண்டும். பிறகு முகம், கைகள், மார்பு, வயிறு, கால்கள், முதுகு. துடைக்கும் இடத்தை மட்டும் திறந்து, ஈரம் ஒற்றியெடுத்து, உடனே மூடிவிடுங்கள். அந்தரங்க இடம் கடைசியில்: புதுத் தண்ணீர், புதுத் துணி, கையுறை. பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத்தான். கை அசைக்க முடிந்தவரிடம் துணியைக் கொடுத்துவிடுங்கள், நேரம் கூடுதலாகப் பிடித்தாலும் பரவாயில்லை.

முதுகுக்குத் திருப்பும் முன் எதிர்ப்பக்கத் தடுப்புக் கம்பியை ஏற்றுங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காவிட்டால் அது படுக்கைப்புண்ணின் ஆரம்பம். கருத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். சூடு, கடினம், வலி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே தேய்த்துவிடக் கூடாது. அந்தப் பக்கம் அழுத்தம் படாதபடி படுக்கவைத்துவிட்டு, பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள்.

முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குவதைச் சிலர் திரும்பிப் படுத்திருக்கும்போது சொல்வார்கள். பயம், வீட்டுக் கவலை, மாத்திரையை விழுங்காமல் ஒளித்துவைத்த கதை. "ஒண்ணும் ஆகாது" என்று மூடிவிடாமல் கேளுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். மாத்திரை விஷயம் மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும், அதை நோயாளியிடமே பக்குவமாகச் சொல்லிவிடலாம்.

கடைசியாகக் கட்டிலைத் தாழ்த்தி, அழைப்பு மணியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.